ஏழாவது பெயர்

எங்கள் சபையில் மரித்தவர்களின் பட்டியலை நான் எழுதியதெல்லாம் தீப்பெட்டி லேபிள் தாளின் பின்பக்கத்தில்தான். சிவகாசி அச்சாபீசுகளில் நிறம் சரியாக உட்காரவில்லை என்று கழித்துப் போடும் தாள்களைக் கட்டாக வாங்கி வந்து பள்ளிக்கூடத்தில் வைத்திருப்போம். முன்பக்கத்தில் வரிசை வரிசையாக மயில்கள். பச்சை கொஞ்சம் விலகிப்போனதால் ஒவ்வொரு மயிலுக்கும் இரண்டு கழுத்து இருப்பதுபோல் தெரியும். பின்பக்கத்து வெள்ளையில் கட்டைப் பேனாவை மையில் தொட்டுப் பெயர்களைப் பெரிது பெரிதாக எழுதுவேன். ஆராதனை நடத்தும் உபதேசியாருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. சின்ன எழுத்து பிடிபடாது. நவம்பரில் கல்லறைத் திருநாள் ஆராதனையின்போது அவர் அந்தத் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசிப்பார். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் கண்ணில் மயில்கள் படும், காதில் பெயர்கள் விழும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் நான். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கரிசல் காட்டுக்குள் கிடந்தது ஊர். சபையில் மொத்தம் நாற்பது குடும்பம் இருக்கும். நான் வந்த பிறகு மூன்று வருடம் அடுத்தடுத்து மழை பொய்த்தது. பருத்தி கருகியது, கம்பு கதிர் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் சபை மனிதர் ஒருவர், மூன்று மைலுக்கு அப்பால் இருந்த பட்டாசு ஆபீசில் போர்மனாக இருந்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடு வீடாகப் போய், வேலைக்கு வர விருப்பமுள்ளவர்களைக் கேட்டு அழைத்துக்கொண்டு போனார். அவர் கூட்டிப்போன பிறகுதான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதை அப்போது எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

சபையில் சவப்பெட்டி செய்கிறவர் ஒரு தச்சர். நாங்கள் அண்ணாச்சி என்போம். மனைவி இறந்துபோய், ஒரே மகளை வளர்த்து ஆளாக்கி வைத்திருந்தார். பதினெட்டு வயதுப் பெண். தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் நாலு மாதம் வேலைக்குப் போய் வருகிறேன் என்று அவள் கேட்டபோது அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. போர்மன்தான் அவர் வீட்டுக்குப் போய், மரத்தூளின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினாராம். “எங் கண்ணு முன்னாலதான அண்ணாச்சி இருக்கப் போகுது. நான் பாத்துக்கிடுறேன்” என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் அண்ணாச்சி இறங்கி வந்தார்.

தீபாவளி சீசன். புரட்டாசி மாதத்தில் ஒரு முற்பகல் நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் தரை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டி, பிள்ளைகளின் சிலேட்டெல்லாம் வெளுத்துப்போயிற்று. வெளியே ஓடி வந்து பார்த்தால், மேற்கே பனைகளுக்கு மேல் வெள்ளைப் புகை எழும்பி, அதன் அடியிலிருந்து கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் இருந்த பெண்கள் அந்தத் திசையில் ஓடினார்கள். அவர்கள் ஓடியபோது யாரும் அழவில்லை என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அழுகை திரும்பி வரும்போதுதான் வந்தது.

மருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து அடுத்த அறைக்கும் தாவியிருந்தது. எங்கள் சபையில் மட்டும் ஏழு பேர். பாட்டை எப்போதும் அரை அடி முன்னால் தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் ஒரு தாய். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கோயில் பாயைச் சுருட்டும் அண்ணன் தம்பி இருவர். ஞானஸ்நானம் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு புதுமணத் தம்பதி. அண்ணாச்சியின் மகள். ஏழாவது போர்மன்.

எப்படித் தீப்பிடித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆர்டர் அதிகம் என்று போர்மன் அன்று மருந்தைக் கூடுதலாகக் கலக்கச் சொன்னார் என்றாள் தப்பித்து வந்த ஒரு பெண். “எல்லாரும் வெளிய ஓடுங்க” என்று கத்திக்கொண்டே அவர் உள்ளே பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். ஆனால் போர்மனின் கவனக்குறைவுதான் காரணம் என்று ஆபீஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். செத்தவர் வந்து மறுத்துச் சொல்ல முடியாது. ஊருக்கும் கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அண்ணாச்சி இரண்டு நாளில் ஆறு பெட்டி செய்தார். மகளுடைய பெட்டியைக் கடைசியாகச் செய்தார். அதன் பிறகு உளியையும் இழைப்புளியையும் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். ஏழாவது பெட்டிக்கு உபதேசியார் போய்க் கேட்டபோது, “பலகை இல்ல ஐயா” என்றார். பலகை சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. போர்மனைப் பாயில் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். தூக்கிய நாலு பேரில் உபதேசியார் ஒருவர். மற்ற மூவரும் போர்மனோடு வேலை பார்த்த இந்துக்கள். சபையிலிருந்து வேறு யாரும் தோள் கொடுக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபை கூடிப் பேசியது. அண்ணாச்சி எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. “எம் மக பேரோட சேத்து அவம் பேரையும் வாசிச்சா, நான் இந்தக் கோயிலுக்குள்ள இருக்க மாட்டேன். நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த வாரம், மற்றப் பெயர்களுக்குப் பிறகு கடைசியாக வாசிக்க, விபத்தில் போனவர்களுக்கென்று ஒரு தனித் தாளில் ஆறு பெயர்களை எழுதிக் கொடுத்தேன்; பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படியே எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

போர்மனின் மனைவியை நான் அக்கா என்றே அழைப்பேன். பிள்ளை இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோயிலில் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவார். அந்த வருடம் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சேலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தார். மற்றப் பெண்கள் பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். ஆறு பெயர் வாசித்து முடிந்ததும் அவருடைய உதடு அசைந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். அந்த மூன்றாவது வருடம்தான் எனக்கு அது காதில் விழுந்தது. உபதேசியார் ஆறாவது பெயரை முடித்துத் தாளைத் தாழ்த்தும் முன், அக்கா மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில் தன் புருஷனுடைய பெயரைச் சொன்னார். எங்கள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அக்காவும் மற்ற நாளெல்லாம் “அவுக” என்பதோடு சரி. வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஓர் இடத்தில் மட்டும் முழுப் பெயரையும் சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து வருடம் இப்படிப் போயிற்று. வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டிப் பிழைத்தார் அக்கா. பசை காய்ந்து அவர் விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்திருக்கும். அறுபதுகளின் நடுவில் இருமல் பிடித்து, மதுரையில் காட்டியும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“டீச்சர், இந்த நவம்பர்ல எம் பேரையும் எழுதுவீகள்ல?”

“என்னக்கா பேச்சு இது.”

“எழுதாதீக. அதச் சொல்லத்தான் கேட்டேன். அவுக பேரு இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல? இம்புட்டு நாளா நான் ஒருத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தீகன்னு எனக்குத் தெரியும். இனிமே சொல்றதுக்கும் ஆளு இல்ல.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. இருவர் பெயரையும் எழுதுகிறேன் அக்கா, யார் தடுத்தாலும் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது என் வாயில் வந்தது, “சரிக்கா” என்பது மட்டும். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். அவருக்கு யாரும் கேட்காமலேயே அண்ணாச்சி பெட்டி செய்து கொண்டுவந்தார். நல்ல வேம்புப் பலகை. மூலைகளை இழைத்து வழவழப்பாக்கியிருந்தார். இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அக்காவின் பெயரை நான் எழுதவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணாச்சி வாசலில் காத்திருந்தார்.

“போர்மன் வீட்டம்மா பேரை ஏன் டீச்சர் விட்டீக? அந்தம்மா பேரை விடணும்னு நான் சொல்லலியே.”

“அவுகதான் எழுத வேண்டாம்னாக, அண்ணாச்சி.”

“ஏன்?”

சொன்னேன். பத்து வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன்.

“புருசன் பேரையா? வாய் விட்டா?”

“வாய் விட்டுத்தான்.”

“ஆறு பேரும் முடிஞ்ச பொறகா?”

“ஆமா. கடைசிப் பேரு முடிஞ்ச உடனே.”

கடைசிப் பெயர் அவருடைய மகளுடையது. எழுதும்போது வயது வரிசையில் எழுதுவேன். அவள்தான் எல்லோருக்கும் இளையவள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் போகாமல் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

அதன் பிறகு ஒரு வருடம் அவர் இதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அடுத்த அக்டோபர் கடைசியில், இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். கையின் ரோமத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

“ரெண்டு பேரையும் எழுதிருங்க, டீச்சர்.”

“சபையில...” என்று இழுத்தேன்.

“நான் பேசிட்டேன். வேற யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.” போகத் திரும்பியவர் நின்றார். “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீக. பாத்துக்கிடுறேன்னு அவன் சொன்னது இன்னும் எங் காதுலயேதான் கெடக்கு. ஆனா அந்தம்மா எம் மக பேரைப் பத்து வருசம் காது குடுத்துக் கேட்டிருக்கு. நான் அது புருசன் பேரை ஒரு தடவ கேட்டதில்ல.”

அன்று மாலையே எழுதினேன். அண்ணாச்சி மகளின் பெயருக்குக் கீழே போர்மன் பெயர். கொஞ்சம் இடம் விட்டு அக்கா பெயர். மை காயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு பேனாவும் ஒரு தாளும் பதினோரு வருடமாக என் கையிலேயேதான் இருந்தன. யாரும் என்னிடமிருந்து அவற்றைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அக்கா கண்ணை மூடுவதற்குள் இதை ஒரு தடவையாவது நான் செய்திருக்கலாம்.

கல்லறைத் திருநாளன்று கோயிலில் அண்ணாச்சியைக் காணவில்லை. ஆண்கள் பக்கம் அவர் உட்காரும் தூணடி காலியாக இருந்தது. உபதேசியார் வாசிக்க எழுந்தபோது நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே வெயிலில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் மெதுவாக எழுந்து பக்கவாட்டு வாசலுக்குப் போனேன்.

“உள்ள வாங்க, அண்ணாச்சி. ஐயா வாசிக்கப் போறாக.”

“அந்தப் பேரு வாசிச்சா உள்ள இருக்க மாட்டேன்னு சபைக்கு முன்னால சொன்னவன் நான். மக மேல சொன்ன சொல்லு, அத எடுக்க முடியாது. நீங்க போங்க. எனக்கு இங்கன நல்லாக் கேக்குது” என்றார்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். உபதேசியார் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆறாவது பெயருக்குப் பிறகு கொஞ்சம் நின்றார். பிறகு ஏழாவதை வாசித்தார். அடுத்து அக்காவின் பெயரை வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி ஆமென் சொல்லும்வரை தலையைக் குனிந்து நின்றார்.

அதற்குப் பிறகு நாலு வருடம், அந்த ஒரு நாள் மட்டும், அவர் அங்கேயே நின்று கேட்டார். ஐந்தாவது வருடம் அவருடைய பெயரையும் நானே எழுதினேன்.