தனலட்சுமி சிஸ்டர் கேட்ட கேள்வி

பிளஸ் டூ திருப்புதல் தேர்வுக்கு மேற்பார்வையாளராக நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, "சார், நம்ம தனலட்சுமி சிஸ்டர் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். காபி குடித்துவிட்டு, ரோட்டில் காயப்போட்டிருந்த சம்பா நெல்லைப் பார்க்கக் கிளம்பியவர் வாசற்படியிலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் விடைத்தாள்களைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டேன். தலைமையாசிரியர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

சிஸ்டரை உங்களில் பலருக்கு மருத்துவமனையில் ஊசி போட்டவராகத் தெரியும். சிலருக்கு வாய்க்கால் தண்ணீருக்காக மல்லுக்கு நின்றவராகத் தெரியும். எங்களைப் போன்ற சிலருக்கு அவர் போதை மறுவாழ்வு வார்டின் நர்ஸ். பணி ஓய்வுக்குப் பிறகும் எங்களை அவர் விடவில்லை. நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்றுதான் கேட்போம். அவர் மட்டும் "தூங்குனீங்களா?" என்று கேட்பார். ஏன் என்பது தூக்கம் தொலைத்தவனுக்குத்தான் தெரியும்.

என் கதை பெரிய கதை இல்லை. பைக்கில் விழுந்து முதுகு போனது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு கைப்பிடியாகி, கடைசியில் அது இல்லாமல் வகுப்பில் நிற்க முடியாது என்றானது. நான் கஞ்சாவோ சாராயமோ தொட்டவனில்லை. அதனாலேயே எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி மலர்தான் இழுத்துக்கொண்டுபோய் வார்டில் சேர்த்தாள்.

மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினேன். வாந்தி, குளிர், உடம்பு முறுக்கல் எல்லாம் அடங்கியிருந்தது. மாமனாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த மாசியிலேயே குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டுவிட்டார். பந்தியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "நல்லபடியா ஆயிட்டீங்க" என்றார்கள். கிடா வெட்டிய பிறகு நான் நோயாளியாக இருக்க வழியே இல்லாமல் போயிற்று. சிஸ்டரும் வந்திருந்தார். இலையில் உட்கார்ந்திருந்த என் முகத்தைப் பார்த்தார். கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்:

"என்ன சார், அதுக்குள்ள சாக்குல கட்டிட்டாங்க? மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள ஈரம் கெடக்கும். இது காய மாசக்கணக்கு ஆகும், சில பேருக்கு வருசமும் ஆகும். பயப்படாதீங்க, காஞ்சுரும்."

ஈரத்தோடு மூட்டை கட்டிய நெல் உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கறுத்துவிடும் என்பது நம்மூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார்டை விட்டு வந்த பிறகு என்ன ஆகும் என்று என்னிடம் ஒருவர் எனக்குப் புரிகிற தமிழில் பேசியது அப்போதுதான் என்று தோன்றியது.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. படுத்தால் கால்கள் படுக்காது. எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். உதறினால் ஒரு நிமிடம் நிற்கும், மறுபடி தொடங்கும். கொட்டாவி வரும், தூக்கம் வராது. சும்மா இருக்கும்போதே கண்ணில் நீர் வடியும். எதிலும் ருசியில்லை. சிஸ்டரிடம் போய்ப் புலம்பினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "செருப்பைக் கழட்டுங்க" என்றார். அவர் வீட்டுக்கு முன்னால் ரோட்டில் பாதியை அடைத்து நெல் பரந்து கிடந்தது. "சும்மா உதறுற காலை இதுல உதறுங்க. கூலி கெடையாது. டீ உண்டு."

நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தால் வரப்பு வரப்பாகப் புரளும். அடிநெல் மேலே வரும். கோடி வரை போய்த் திரும்புவதற்குள் முதல் வரப்பின் மேல்புறம் காய்ந்திருக்கும். மறுபடி புரட்ட வேண்டும். பள்ளி விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லில் இறங்கிவிடுவேன். சைக்கிளில் போகும் மாணவிகள் வணக்கம் சொல்லிவிட்டுத் தள்ளிப்போய்ச் சிரிப்பார்கள். மினிபஸ் டிரைவர் ஹாரனை அழுத்தித் திட்டுவார். சிஸ்டர் பதிலுக்கு அவரைத் திட்டுவார். அவர் போட்ட டீயில் சர்க்கரை பாகு போல இருக்கும். அப்படி நடந்த இரவுகளில் கால்கள் கொஞ்சநேரமாவது என் பேச்சைக் கேட்டன.

நடப்பதிலேயே சரியாகிவிடும் என்று நினைத்து, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தப் பார்த்தேன். சிஸ்டருக்கு வந்ததே கோபம்! "வெயிலு அடிக்குதுன்னு காலால கிளறாம விடுவீங்களா? கிளறுறோம்னு வெயில வேணாம்பீங்களா? ரெண்டும் வேணும் சார். டாக்டரைப் பாக்காம என் நெல்லுல காலு வைக்காதீங்க" என்று விரட்டினார். போனேன். அறுவடை இல்லாத மாதங்களில் வாய்க்கால் கரையில் நடந்தேன்.

ஒருநாள் விரால் குழம்பு வைத்துக் கொடுத்தார். மண்ணைத் தின்பதுபோல் தின்றுவிட்டு, "நல்லாருக்கு சிஸ்டர்" என்றேன். "பொய் சொல்லாதீங்க, மீனு கேட்டா மனசு சங்கடப்படும். ருசி தெரியலைன்னு சொல்லுங்க. தெரியிற அன்னிக்கு வந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க" என்றார். சட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

குறுவை அறுவடை வந்தது. கிடா வெட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணில் நீர் வடிவதைப் பார்த்து மலர் மெதுவாகக் கேட்டாள்: "திரும்பவும் போட ஆரம்பிச்சுட்டீங்களா?" போடாததால் வடிகிற நீர் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போடாமலே இந்தப் பேர் வாங்குவதற்குப் போட்டே தொலைக்கலாம் என்று முடிவு செய்து மினிபஸ் ஏறினேன். எந்தக் கடையில் கேட்டால் கிடைக்கும் என்பது எனக்கு மறந்துவிடவில்லை.

சிஸ்டர் வீட்டருகே பஸ் நின்றுவிட்டது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது வானம். ரோடு முழுக்க நெல். சிஸ்டர் ஒற்றை ஆளாகக் குவித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்த்துவிட்டார். "சார்! வேடிக்கையா பாக்குறீங்க? எறங்குங்க!"

இறங்கினேன். திட்டிக்கொண்டே டிரைவரும் இறங்கினார். குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலைக்கும் கல் வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் போய்விட்டது. வாசலில் நனைந்து நின்றபடி, மலர் கேட்டதையும் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் அதிரவில்லை. தலையைத் துவட்டத் துண்டைக் கொடுத்தார்.

"வீட்ல கேட்டது தப்புதான். ஆனா அவங்களுக்கு யாரு சொன்னா, இது இப்படி இழுத்துக்கிட்டே கெடக்கும்னு? நீங்க சொன்னீங்களா? கிடா வெட்டுனவங்க சொன்னாங்களா?"

மழை விட்டதும் ஈரச் சேலையோடு என்னுடன் வீட்டுக்கு வந்தார். அடுப்படி வாசலில் உட்கார்ந்து மலரிடம் நெடுநேரம் பேசினார். நான் கூடத்தில் இருந்தேன். மலர் அழுதது கேட்டது. பிறகு இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்ததும் கேட்டது. நான் பிழைத்தது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதன்பின் என் வீட்டில் நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் அவர் வீட்டைத் தாண்டிப் போனபோது மீன் வறுக்கும் வாசனை வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய், "சிஸ்டர், ஒரு துண்டு குடுங்க" என்றேன். இரண்டு கொடுத்துவிட்டு, நான் மென்று முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. எதிரே ரோட்டில் அவர் நெல் கேட்பாரற்றுக் கிடந்தது. சாவு வீட்டில் யார் நெல்லைப் பார்ப்பார்கள்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கோடியில் திரும்பும்போது பார்த்தால், லாரி ஓட்டும் ஒருவர் எனக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் வார்டில் பார்த்த இன்னொருவர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மாலையில் சிஸ்டரைத் தூக்கும்வரை புரட்டினோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தவர், "நல்லா காஞ்சிருக்கே" என்றாராம். சிஸ்டரின் மகன் சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். வார்டிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் இப்போது நானும் அதைத்தான் கேட்கிறேன். இல்லை என்றால் கூடவே கொஞ்சதூரம் நடக்கிறேன். அவர் போன அன்றிரவு எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பெரிய துக்கம் வந்தால் பழைய கால்கள் திரும்பி வரும் என்று அவரே எச்சரித்திருக்கிறார். உள்ளங்கால் முழுக்க நெல்லின் சுணை அரிக்க, படுத்தேன். விடிந்து மலர் காபியோடு வந்து எழுப்பியபோதுதான் கண் திறந்தேன். அழுது வீங்கிய முகத்தோடு அவள் கேட்டாள்: "தூங்குனீங்களா?"

உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இரவில் அப்படித் தூங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நன்றாகத் தூங்கினேன், சிஸ்டர்.