அப்பாவின் அறைத் தரையை நிமிர்த்திய கதை

போன வாரம் ஓர் ஆசாரியை வைத்து எங்கள் வீட்டு மாடித் தரையை நேராக்கினேன். இந்த வாரம் அதே ஆசாரியை வைத்து அதைக் கோணலாக்கிவிட்டேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்பீர்கள். கச்சேரியில் என்னோடு வேலை பார்க்கும் குமாஸ்தாக்களும் அதைத்தான் கேட்டார்கள்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருப்பது பழைய வீடு. மாடியில் ஒரே அறை, பலகைத் தரை. அது என் அப்பாவின் அறை. மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்து ஓய்ந்தவர். ஆறு வருஷமாகக் கண் தெரியாது. ஆனாலும் கையைப் பிடிக்க யாரையும் விடமாட்டார். தானே எழுவார், தானே ஜன்னலைத் திறப்பார், தானே படியிறங்கி வருவார். அந்த வீம்பில்தான் அவர் நடமாடுகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

தரையோ கிழக்கே சாய்ந்திருந்தது. மைக்கூட்டை வைத்தால், கொஞ்சம் யோசித்துவிட்டு நகரும்... ஒரு நாள் அப்பா விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயம். ஆசாரியைக் கூட்டிவந்தேன். இரண்டு பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். கிழக்குச் சுவருக்குள் இருந்த உத்தரத்தின் நுனியைச் செல் அரித்திருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை — திடீரென்று சந்தோஷப்படுத்த வேண்டுமாம்! ராதாபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அவரை வண்டியில் அனுப்பிவைத்தேன். ஆசாரி முட்டுக் கொடுத்து, புது உத்தரம் ஏற்றி, பலகைகளைத் திரும்ப அடித்தார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. எங்கள் இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

அப்பா திரும்பி வந்தார். மாடியேறி நாலு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார்.

"ஏலே, யாரு வீட்டுல என்னையக் கொண்டாந்து விட்டிருக்க?"

நம் வீடுதான், தரையை நேராக்கியிருக்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் என் மனைவி காப்பி கொண்டுபோனாள். ஜன்னலுக்குப் போவதாக நினைத்து, அவர் மாடிப்படியின் வாயில் நின்றிருக்கிறார். ஒரு கால் காற்றில். அவள் டம்ளரைப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். சாய்வில் இறங்கினால் ஜன்னல், ஏறினால் மாடிப்படி — ஆறு வருஷமாக அப்பா பாதத்தால்தான் வழி பார்த்திருக்கிறார். அந்த வழியை நான் பிடுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. அன்று கச்சேரியில் ஒரு வரி எழுதக் கை ஓடவில்லை.

ஆசாரியை மறுபடி கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"கோணல நிமித்தத்தான் எல்லாரும் கூப்பிடுதாவ. நிமித்தினதக் கோணலாக்கச் சொல்லுதது நீங்க ஒருத்தருதான்."

பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். உத்தரம் அப்படியே இருக்கட்டும், மேற்குப் பக்கம் பலகைக்கு அடியில் ஆப்பு வைத்து உயர்த்திவிடலாம் என்றார். உயர்த்தவும் செய்தார். ஆனால் எவ்வளவு? ரசமட்டம் நேரைத்தானே சொல்லும்?

அப்பா எழுந்தார். ஜன்னல் வரை இறங்கினார், திரும்பி ஏறினார். பலகையில் பாதத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆசாரி, மேக்க இன்னும் ஒரு விரக்கடை ஏத்தும்வே."

ஏற்றினார். அப்பா மாடிப்படி வரை போனார். சரியான இடத்தில் நின்று, கைப்பிடியைத் தொட்டு, தானே கீழே இறங்கினார்.

வேலை தொடங்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.