ஏழு இருந்த இடத்தில் பூஜ்யம்

செய்தி வந்தபோது நான் சிவாஜிநகரில் மீன் கடை முன்னால் நின்று சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஷீபாவின் பெயர் தெரிந்தது. அவள் அம்மா ரெஜினாதான் பேசச் சொல்லியிருப்பாள் என்று எடுத்தேன். "ஆண்ட்டி, அம்மா காலைல போய்ட்டாங்க" என்றது குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், இனி தேறிவிடுவாள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். மீன்காரர் எடை போட்ட மீனை நீட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன ரெஜினாவின் மேல்.

'அவர்' போட்டு மரியாதையாகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. "யாருப்பா அந்த அவரு?" என்று அவளே பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருந்தது. எங்களோடு வேலை பார்த்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தோம். தொழிற்சாலைக் கொதிகலன்களை நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வது எங்கள் வேலை. நான் திருப்பத்தூரிலிருந்து வந்தவள். பெட்டிக்குள் இருக்கும் போர்டை வடிவமைப்பது என் பொறுப்பு. ரெஜினா பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவள் எழுதியது டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி, நினைவகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும் மென்பொருள் அது. கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் அடித்தால் ஒரு வரி பதில் வரும். அவ்வளவுதான் அதன் அழகு.

அவளை வேலைக்கு எடுத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். மேலாளர் நாகராஜ், நேர்முகத்தின் முடிவில், "ஏதாவது கேட்கணுமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். அவள் கேட்க ஆரம்பித்தாள். உங்கள் பெட்டி நின்றுபோனால் கொதிகலன் என்ன செய்யும், வால்வு திறந்தபடி நிற்குமா மூடியபடி நிற்குமா, அதை யார் முடிவு செய்தது என்று போய்க்கொண்டே இருந்ததாம். நடுவில் டீ வந்து ஆறிப்போனதாம். "அவுங்க என்னைய இன்டர்வியூ பண்ணாங்களா, நான் அவுங்கள பண்ணேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல ப்பா" என்பாள். கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கைதான் அவளுக்கு வேண்டும். கேள்வி கேட்க வசதி.

எங்கள் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. நினைவகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும், உள்ளே இருக்கும் மதிப்போடு சேர்த்து ஒரு சின்ன எண்ணும் ஒட்டியிருக்கும். டேக் என்போம். நினைவகச் சில்லுகளில் பிழை பார்ப்பதற்கென்று கூடுதலாக வரும் பிட்டுகளை நான் இதற்குத் திருப்பிவிட்டிருந்தேன். ஒரு கட்டத்தைத் தொட வரும் புரோகிராமின் கையிலும் அதே எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். தப்பான வால்வைத் திறப்பதைவிட நிற்பது மேல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ரெஜினா இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: "சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் ப்பா. வண்டில ஒண்ணு, கைல ஒண்ணு. ஒத்துப் போகலன்னா வண்டிய வுடமாட்டான்."

அவளுடைய டீபக்கரில் ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் முதலில் டேகை மட்டும்தான் காட்டும். மதிப்பைப் பார்க்க இன்னொரு முறை கீயைத் தட்ட வேண்டும். இதற்காக அவளை எல்லோரும் திட்டியிருக்கிறோம், நான் கொஞ்சம் அதிகமாகவே. "மொதல்ல அது யாருதுன்னு பாரு. உள்ள என்ன இருக்குதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்பாள். நான் கோபத்தில் கீபோர்டை ஓங்கித் தட்டினால், அது என்ன பாவம் பண்ணுச்சு என்று சிரிப்பாள்.

இனி, நான் சொல்ல வந்தது. பழைய போர்டு, மதிப்புகள் இருக்கும் கட்டங்களின் டேகை மட்டும்தான் சரிபார்க்கும். நான் செய்த புதிய போர்டு, புரோகிராமின் கட்டளைகள் இருக்கும் கட்டங்களையும் சேர்த்துச் சரிபார்த்தது. அந்தக் கட்டங்களுக்கு டேக் ஏழு. புதிய போர்டைப் போட்ட முதல் நாளே பெட்டி நின்றது. அது ஒரு புரோகிராமரின் தவறு, அன்றே திருத்தினார்கள். ஆனால் மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். டீபக்கரில் கேட்டால் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். கட்டளைக்கு ஒரு சேதமும் இல்லை, டேக் மட்டும் காணவில்லை. டேக் தங்குவது என் போர்டின் கூடுதல் பிட்டுகளில். அப்படியானால் குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நினைவகச் சில்லுகளை மாற்றினேன். பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஏனம்மா கலா, நிம்ம போர்டு இன்னூ சரி ஆகில்வா?" என்று நாகராஜ் காலையும் மாலையும் வந்து கன்னடத்தில் கேட்பார். இன்னும் சரியாகவில்லையா என்று அவர் கேட்கும் தொனியிலேயே பதிலும் இருக்கும். ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கொதிகலன் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் சரியாகாவிட்டால் பழைய போர்டையே போட்டுவிடுவோம், உன்னைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றுகிறேன், அங்கே பொறுமையான பெண் ஒருத்தி தேவைப்படுகிறாள் என்றார். ஹார்டுவேர் அறையில் நான் ஒருத்திதான் பெண். அந்த அறைக்கு வர வீட்டில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். 

வெள்ளிக்கிழமை கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எங்களைக் கேட்காமலே எங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில்தான் டீபக்கர் இருந்தது. காலையில் புரோகிராமைப் புதிதாக ஏற்றிய பெட்டி மேசை மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு ஆகி, டீ ஆகி, பஸ் கிளம்பும் நேரம் வரை அது நிற்கவே இல்லை. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெஜினா மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்கல?" என்றாள்.

"நின்னாதான் உனக்கு நிம்மதியா?" என்று பாய்ந்தேன்.

"கோச்சிக்காத ப்பா. தானா சரியானது எதுவும் சரியாகல. நேத்துக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்? இன்னிக்கு நாம யாரும் பாக்கல. அவ்ளோதான்."

சனிக்கிழமை காலை நாங்கள் இருவர் மட்டும் போனோம். கம்ப்யூட்டர் திரும்பி வந்திருந்தது. இதுவரை யாருமே எட்டிப் பார்க்காத ஒரு கட்டத்தை ரெஜினா தேர்ந்தெடுத்தாள். டேக் என்ன என்று கமாண்ட் அடித்தாள். ஏழு என்றது திரை. அந்த இடத்தில் புரோகிராமை நிறுத்தச் சொல்லி ஒரு நிறுத்தக் குறி போட்டாள். உடனே அதை எடுத்துவிட்டாள். மறுபடி டேகைக் கேட்டாள். பூஜ்யம். புரோகிராம் அந்தப் பக்கம் போனதும் பெட்டி நின்றது.

"அய்யோ, நான்தான்!" என்று கத்தினாள். லாட்டரி விழுந்தவள் மாதிரி முகம். நிறுத்தக் குறி போடும்போது டீபக்கர், அந்தக் கட்டத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்ற கட்டளையை வைக்கும். வேலை முடிந்ததும் பழையதைத் திருப்பி வைக்கும். கட்டளையைத் திருப்பி வைத்தது. டேகை வைக்க மறந்தது. பழைய போர்டு அந்த டேகைப் பார்க்காததால் யாருக்கும் உறைக்கவில்லை. கோளாறு எங்கே என்று நாங்கள் ஒவ்வொரு இடமாக நிறுத்திப் பார்க்கப் பார்க்க, போன இடமெல்லாம் டேகை அழித்துக்கொண்டே போயிருக்கிறோம். அவளோ, இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது என்று வேறொரு கட்டத்திலும் செய்து பார்த்தாள், இன்னொன்றிலும் செய்து பார்த்தாள். அலுக்கவே இல்லை.

வெளியே டீக்கடைக்குப் போனோம். அவளை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். "சத்தமில்லாம சரி பண்ணிடு. பெட்டி நிக்காது. யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

டீயை ஊதிக்கொண்டே யோசித்தாள். "கேக்க மாட்டாங்கதான். உன் போர்டு எப்படியோ சரியாச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நாளைக்கு எது நின்னாலும் மொதல்ல உன்னத்தான் திரும்பிப் பாப்பாங்க. அந்தக் கிரிகிரி, தொந்தரவெல்லாம் உனக்கு எதுக்கு ப்பா?"

திங்கட்கிழமை வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு நாகராஜ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா எழுந்துவிட்டாள். "போர்டுல ஒரு தப்பும் இல்ல சார். போர்டு சரியாத்தான் புடிச்சிருக்குது. தப்பு என்னோட டீபக்கர்ல" என்றாள். பெட்டியை எல்லோர் முன்னாலும் வைத்து, ஏழை பூஜ்யமாக்கிக் காட்டினாள். வந்தவர்களில் பெரியவர் ஒருவர், "அப்ப இத்தனை நாளா நீங்க தேடுன கோளாறு?" என்று கேட்டார். "மொத நாளே சரியாயிட்டது சார். மீதியெல்லாம் நான் போட்டது." அவர் சிரித்துவிட்டார். நாகராஜ் சிரிக்கவில்லை.

புதிய போர்டு பெட்டிக்குள் போயிற்று. ஜெர்மனிக்கு வேறொருவர் போனார். அன்று முழுக்க அவள் வழக்கம்போலக் கிண்டலடித்துக்கொண்டுதான் இருந்தாள். மாலையில் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கை காலியாகவே இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போய்ப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு ப்பா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து பிரேசர் டவுன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வந்தவர்கள் அவளைப் பற்றிப் பேசினார்கள். சர்ச்சில் பாடியது, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்தது, பிரியாணி. ஷீபா என் பக்கத்தில் வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆண்ட்டி, அம்மா ஆபீஸ்ல என்ன பண்ணாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. பெருசா ஏதாவது பண்ணாங்களா?"

"ஒரு தப்பு பண்ணா" என்றேன். "அத அவளே கண்டுபுடிச்சா. எல்லார் முன்னாடியும் அவளே சொன்னா."

ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். "என்ன தப்பு? எப்படிக் கண்டுபுடிச்சாங்க?" என்றாள். துக்க வீடு என்றுகூடப் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ரெஜினாவிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் எதையாவது வைத்திருப்பீர்கள், ஒரு பாட்டையோ ஒரு கிண்டலையோ. நான் இன்றைக்கும் போர்டு செய்கிறேன். என் போர்டு இருக்கும் பெட்டி ஒன்று நின்றால், யாரும் முதலில் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.