மேல்விஷாரம் தாண்டினால் நிற்கும் கார்

எங்கள் தொண்டு நிறுவனத்தின் பழைய பெட்ரோல் கார் மேல்விஷாரத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுக் கால்வாயில் விடியற்காலையில் நீர் மாதிரி எடுப்பது எங்கள் வேலை. நாங்கள் போய்ச் சேரும்போது கால்வாய் தெளிந்து ஓடும். அதுவரை நீலமாக நுரைத்துக்கொண்டிருந்ததாகக் கால்வாயோரக் கிணற்றுக்காரர்கள் சொல்வார்கள்.

ஓட்டுநரின் மைத்துனர் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் செயலாளருக்கு அது போதும்.

“அவங்க ஆளுங்க வந்து கழிவுத் தண்ணிய மூடுற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெக்கிறான். மாசக் கடைசியில வேலைய விட்டு அனுப்பிடலாம்.”

எனக்கும் சந்தேகம் இருந்தது. வழிநெடுக ஓட்டுநரின் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே வந்தேன். ஆனால் தோலோடு தொடர்பில்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? நான் படித்ததே அப்பா ஆம்பூரில் தோல் தரம் பிரித்த சம்பளத்தில்தான். விலைபோனவர் என்ற பெயரோடு அனுப்பினால், இந்த வட்டாரத்தில் அவரிடம் யார் வண்டியை ஒப்படைப்பார்கள்? அவர் உண்மையிலேயே விலைபோயிருந்தால், கிணற்றுக்காரர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

பட்டறையில் சோதித்த மெக்கானிக், குறையே இல்லை என்றார். அது சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. ஆனால் அவர் பார்த்தது ஆறிப்போன எஞ்சினை. ஆகவே மெக்கானிக்கையே ஓட்டச் சொல்லி, வேறு திசையில் அதே தூரம் போய்ப் பார்க்கலாம் என்றேன். ஓட்டுநர் என்னோடு பின்னிருக்கையில் உட்கார்ந்தார்.

“இன்னா சார், ஸ்டேஷனுக்கு இட்டுனு போற மாதிரி ஒக்கார வெச்சிட்டீங்க?”



கணியம்பாடியையும் தாண்டிய பிறகு, கரும்புத் தோட்டத்தருகே எஞ்சின் பட்டென்று அடங்கியது. மெக்கானிக் பானட்டைத் திறந்து, பிளக் வயரைக் கழற்றிச் சோதித்தார்.

“பெட்ரோல் வருது. ஸ்பார்க் தான் இல்ல.”

பொறியை நேரம் பார்த்து உண்டாக்கும் சிறிய மின்னணுப் பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டார். சற்று ஆறியதும் பொறி தெறித்தது, எஞ்சின் உறுமியது.

“ஜாஸ்தி சூடானா இது மயங்கிடுது சார். மாத்திடணும்.”

“இந்தக் கரும்புத் தோட்டமும் என் மச்சான் கம்பெனியா சார்?” என்றார் ஓட்டுநர்.

பெட்டியை மாற்றினோம். அடுத்த பயணத்தை முந்திய நாள் மாலையில் செயலாளரும் நானும் மட்டும் பேசி முடிவு செய்தோம். விடிந்த பிறகே ஓட்டுநரிடம் சொன்னோம். மூவரும் போனோம். கார் எங்கேயும் நிற்கவில்லை. கால்வாய் அன்றும் தெளிந்தே ஓடியது.

ஓட்டுநர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“வர்றோம்னு எனக்கே இன்னிக்கிக் காலைல தான் தெரியும். அவங்களுக்கு யார் சார் சொன்னது?”

செயலாளர் மாதிரிப் புட்டியின் மூடியை மிகக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசி வந்தது. ஓட்டுநரை அனுப்பும் பேச்சை அவர் எடுக்கவில்லை.