தெயானிராவின் வாலறுந்த தோணி

எங்கள் ஊரில் தெரு என்றால் அது ஆறுதான். கடைக்குப் போவதும், கல்யாணத்துக்குப் போவதும், செத்தவரைக் கொண்டுபோவதும் தோணியில்தான். அப்படிப்பட்ட ஊரில் தெயானிரா ரென்தெரியா நான்கு வருடம் சொந்தத் தோணி இல்லாமல் இருந்தாள்.

அவள் கணவன் மரம் வெட்டப் போகிறேன் என்று வீட்டுத் தோணியில் ஏறி அத்ராத்தோ ஆற்றோடு கீழே போனவன். அவனும் திரும்பவில்லை, தோணியும் திரும்பவில்லை. கேட்பவர்களிடம் அவள், "அவன் போனா போறான். தோணியை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா, பாவி!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் மூன்று வீடு தள்ளி இருப்பவன். சாயங்காலங்களில் அவள் சிரிக்காமல் ஆற்றைப் பார்த்து நிற்பதையும் கண்டிருக்கிறேன்.

கடைக்காரர் பிளினியோ விடியற்காலையில் தன் தோணியைக் கொடுப்பார். உச்சி வெயிலுக்கு முன் திருப்பித் தந்துவிட வேண்டும், மதியம் அவருக்கு அக்கரைக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். பொகாச்சிகோ மீன் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறி வருகிற மாதம் ஒன்றில், காலை முழுக்க வெறும் வலை இழுத்த தெயானிராவுக்கு மதியம் நெருங்கும்போது தண்ணீர் பொரிவது போல மீன் வந்தது. கரையில் நின்று பிளினியோ கையைத் தட்டினார். அவள் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். அன்றுதான் இரண்டு பன்றிக்குட்டிகளை வளர்க்கத் தொடங்கினாள். அவை கொழுத்ததும் தோணியாக மாறும் என்று ஊருக்கே சொல்லிவிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, அக்டோபரில், அவளும் அவள் கொழுந்தன் வில்மானும் பன்றிகளோடு சரக்குப் படகில் ஏறி தகேரா என்ற கிளையாற்றில் மேலே போனார்கள். அண்ணன் உறவை அறுத்துக்கொண்டு போனாலும் வில்மான் அவளை அண்ணி என்று கூப்பிடுவதை விடவில்லை. வாய் ஓயாத ஆள். படகில் பன்றிகளிடம்கூடப் பேசிக்கொண்டு போனான் என்று படகோட்டி சொன்னார்.

தகேராவின் மேல்முனையில் எம்பெரா பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே லிபார்தோ தொமிகோ தோணி குடைபவர். அவருடைய கொட்டகையில் முடிந்த தோணிகள் இரண்டு இருந்தன. ஒன்று சீடர் மரத்தில் குடைந்தது. தேன் நிறம், கை விரித்த அளவில் மூன்று பாகம் நீளம், இரண்டு பேர் தோளில் வைத்து நடக்கலாம். மற்றது சாசாகோ என்னும் எண்ணெய் மரத்தில் குடைந்தது. கருத்து, ஐந்து பாகம் நீண்டு, கனமாகக் கிடந்தது. முன்னும் பின்னும் ஆள் நின்று கழி ஊன்றுவதற்குத் தட்டையான பலகைகள் அதே மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன; பின்னதுதான் வால்பலகை.

தெயானிரா இரண்டையும் அரைநாள் சோதித்தாள். விரல்முட்டியால் அடிமரத்தைத் தலை முதல் வால் வரை தட்டிக்கொண்டே போனாள். ஓசை மாறுகிற இடத்தில் நின்று மோந்து பார்த்தாள். ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்த்தாள். இரண்டிலும் தண்ணீர் நடுவில் வந்து நின்றது.

"ரெண்டும் நல்ல பிள்ளைங்கதாம்மா. சின்னது சொன்னபடி கேக்கும், ஆனா ஆறு வருஷத்துல மக்கிடும். பெருசு பிடிவாதம். உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்," என்றார் லிபார்தோ.

"அண்ணி, சின்னதை எடுங்க. அந்த எருமையை யாரு தூக்குறது?" என்றான் வில்மான்.

"தோணியை எதுக்குடா தூக்கணும்? அதுதான நம்மள தூக்கும்."

அவள் மனதில் வேறு கணக்கு. பெரிய தோணியில் பனிக்கட்டிப் பெட்டி வைக்கலாம். மீனை ஊரில் அரை விலைக்குத் தள்ளாமல் கிப்தோ நகரச் சந்தைக்கே கொண்டுபோகலாம். யாரும் கரையில் நின்று கை தட்ட மாட்டார்கள். பன்றிகளைக் கொடுத்துவிட்டு அந்தக் கருப்புத் தோணியைத்தான் எடுத்தாள்.

கொட்டகையிலிருந்து ஆற்றுக்கு நானூறு அடி தூரம். தோல் உரித்த உருளைக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, லிபார்தோவின் உறவுக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து இழுத்தும், தோணி தண்ணீரைத் தொட மதியமாகிவிட்டது.

முதல் நாள் சுகமாகவே வந்தார்கள். இரண்டாம் நாள் காலை ஒரு வளைவு திரும்பியதும் ஆறு இல்லை. கரைக்குக் கரை மரங்கள். வேரோடு சாய்ந்தவை, பட்டை உரிந்தவை, கிளையும் மூங்கிலும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மலை. படகு மேலே போனபோது இல்லாத அடைப்பு. மேலே எங்கோ கரை சரிந்து, மரங்கள் இரவோடிரவாக அவர்களை முந்திக்கொண்டு வந்து இங்கே சிக்கியிருந்தன. ஏறிப் பார்த்துவிட்டு வில்மான் சொன்னான், "கால் மைலுக்குக் குறையாது அண்ணி."

தோணியை அடைப்பின் மேல் ஏற்றி அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒருமுறை முயன்றார்கள். முனையைக்கூட ஒரு சாண் தூக்க முடியவில்லை. வில்மான் அவளைப் பார்த்தான்.

"சொல்லுடா. வாயை அடக்கி வச்சா உனக்கு வயிறு வலிக்கும்," என்றாள்.

"சின்னது இப்ப என் தோள்ல இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

மேலே திரும்பிப் போகலாம் என்று தோணியைத் திருப்பினார்கள். முந்நூறு அடி போவதற்குள் இடி மாதிரி சத்தம். மேல் வளைவில் இன்னொரு மரக்கூட்டம் மிதந்து வந்து, அங்கேயே குறுக்கே விழுந்து நின்றது. முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். நடுவில் பழுப்பு நீர்க்குளம் ஒன்று. இரண்டு கரையும் இடுப்பளவு சேறும் முள்ளும்.

நடந்தே ஊருக்குப் போய் ஆள் கூட்டி வரலாம் என்றான் வில்மான். சேற்றுக்காட்டைச் சுற்றி மேட்டில் ஏறிப் போனால் இரண்டு நாள்.

"நீங்களும் வாங்க. மேல நிக்குற கட்டை எப்ப வேணா அவுந்து வரும். வந்தா தோணியும் நீங்களும் ரொட்டிமாவுதான்."

"நான் இல்லேன்னா இதை யாரு ஓரமா இழுத்து வைப்பா?"

"மரக்கட்டைக்காகச் சாகப்போறீங்களா? யிர்லேசாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

யிர்லேசா அவள் மகள், பதினாலு வயது. அந்தப் பெயரைக் கேட்டதும் தெயானிரா கொஞ்ச நேரம் வாழைக்காயை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா தோணியோட வர்றான்னு சொல்லு. போ, வெயில் ஏறுது," என்றாள்.

அதற்குப்பிறகு அவள் தனி. கையில் வெட்டுக்கத்தி, தூண்டில், ஒரு குலை வாழைக்காய், கருப்பட்டிக் கட்டி. முதல் நாள் குளத்தை எண்ணற்ற முறை சுற்றினாள். எங்காவது ஒரு வாய்க்கால் இருக்காதா என்று ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தாள். இல்லை. மறுநாள் கழி ஊன்றவே கை வரவில்லை. அவளோடு சேர்ந்து மீன்களும் அடைபட்டிருந்தன. தூண்டிலைப் போட்டதும் கடித்தன. இத்தனை சுலபமாக அவள் வாழ்நாளில் மீன் பிடித்ததில்லை. இரண்டு பிடித்துச் சுட்டுத் தின்றாள், மூன்றாவதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று பிறகு நான் கேட்டபோது, "அதைப் பாக்கவே புடிக்கல," என்றாள்.

மேல் அடைப்பு அவ்வப்போது முனகும். முனகும்போதெல்லாம் தோணியைக் கரையோர மரத்தின் மறைவுக்குத் தள்ளுவாள். பிறகு எதுவும் நடக்காது. அந்த எதுவும் நடக்காததுதான் அவளைத் தின்றது. மூன்றாம் நாள் மதியம், தோணிக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு தன்னை விட்டுப்போனவனை, பிளினியோவை, பன்றிகளை, லிபார்தோவை, எல்லோரையும் உரக்கத் திட்டினாளாம். திட்டி முடித்ததும் காடு இன்னும் அமைதியாக இருந்ததாம்.

நான்காம் நாள் விடியும்போது மழை. வழக்கமாக எங்கள் ஊரில் ஆற்றின் மேல்முனையில் மழை என்றால் வெள்ளம் வருமே என்று நெஞ்சு பதறும். தெயானிரா வாயைத் திறந்து அதைக் குடித்தாள். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் மூன்று சாண் ஏறியது. சேற்றுக்கரை மூழ்கி, இடப்பக்கக் காட்டுக்குள் நீர் புகுந்தது. மேல் அடைப்பு கிறீச்சிட்டு அசைந்தது. இனி இங்கே நிற்கக்கூடாது என்று அவளுக்குப் புரிந்தது. தோணியைக் காட்டுக்குள் திருப்பினாள்.

மரங்களுக்கு இடையில் கொடிகளை வெட்டி வெட்டி, அடைப்பைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தாள். நூறு அடிக்கு ஒருமுறை நின்று, தோணியை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு மரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. காலையில் பாதிதூரம் வந்துவிட்டாள். அங்கே இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் மூக்கு நுழைந்தது. பின்பக்க வால்பலகை ஒரு பனைமரத்தில் போய் இடித்தது. முன்னே போகாது, பின்னே வராது, வளையவும் வளையாது. தண்ணீரில் இறங்கி, கழுத்தளவில் நின்று, தோளால் முட்டினாள். பனையை வெட்டப் பார்த்தாள், கத்தி அதன் இரும்பு நார்களில் பட்டுத் தெறித்தது.

அப்போது மழை நின்றது. சிறிது நேரத்தில், பனையின் மேல் ஒரு ஈரக்கோடு தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே தெரிந்தது. நீர் வடியத் தொடங்கிவிட்டது. வடிந்துவிட்டால் தோணி அந்தக் காட்டிலேயே மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். ஒன்பது பேர் இல்லை, தொண்ணூறு பேர் வந்தாலும் இழுக்க முடியாது.

தெயானிரா தோணியில் ஏறினாள். வால்பலகை எங்கே தொடங்குகிறது, தோணியின் சுவர் எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். சுவரில் பட்டால் ஓட்டைதான். கத்தியைத் தூக்கி வால்பலகையின் மேல் இறக்கினாள். பேரன் காலத்துக்கும் இருக்கும் என்ற மரம், கத்தியைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. பிடுங்கி மறுபடி வெட்டினாள். கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியபோது பாவாடையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். வெட்டும்போது அழுதேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். லிபார்தோ அந்தப் பலகையை இழைத்திருந்த அழகு அப்படி. வெயில் சாயும் நேரத்தில், ஒரு கை நீளத்துக்கு வால் முறிந்து தண்ணீரில் விழுந்தது. தோணி பனையை உரசிக்கொண்டு திரும்பி, இரண்டு மரங்களுக்கு நடுவில் வழுக்கியது. அடிமரம் இரண்டு முறை மண்ணைத் தட்டியது. பிறகு மரங்கள் விலகின. அடைப்புக்குக் கீழே, திறந்த ஆற்றில் மிதந்தாள்.

மறுநாள் காலை, தகேரா பெரிய ஆற்றில் சேரும் இடத்தில் வில்மானும் நான்கு பேரும் கயிறுகளோடு எதிரே வந்தார்கள். அந்த நால்வரில் நானும் ஒருவன். அவள் தோணியின் நடுவில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், கழுத்து வரை சேறு. வில்மான் தோணியைத் தலையிலிருந்து பின்முனை வரை பார்த்தான். அப்புறம், "அண்ணி, வால் எங்க?" என்றான்.

"காட்டுல இருக்கு. வேணும்னா போய் எடுத்துட்டு வா. ஒரு ஆள் தூக்குற கனம்தான்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கயிற்றைக் கொடுங்கள், இழுத்துப் போகிறோம் என்றோம், கட்டவிடவில்லை. ஊர் வரை தானே துடுப்புப் போட்டாள். கரையில் யிர்லேசா ஓடிவந்து கட்டிக்கொண்டபோதும் ஒரு கை தோணியின் விளிம்பிலேயே இருந்தது.

இது நடந்து பதினோரு வருடம். ஊர் அந்தத் தோணிக்கு மொட்டை என்று பெயர் வைத்துவிட்டது. பின்னால் ஆள் நிற்க இடம் இல்லாததால் தெயானிரா உட்கார்ந்தே வலை வீசப் பழகிக்கொண்டாள். வாரம் இருமுறை கிப்தோ சந்தைக்கு மீன் கொண்டுபோகிறாள். ஆனால் தகேராவுக்குள் அதன்பிறகு அவள் போனதில்லை. வேறு எந்தக் கிளையாற்றிலும், மூன்று கட்டைகள் ஒன்றாக மிதப்பதைக் கண்டால் வலையைச் சுருட்டித் திரும்பிவிடுவாள், எவ்வளவு மீன் துள்ளினாலும் சரி. "மூணு குச்சியப் பாத்தா ஓடுறா," என்று மற்ற மீனவர்கள் கேலி செய்கிறார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டில் மழைக்காலத்தில்கூட ஆற்றுப்பக்கக் கதவைச் சாத்துவதில்லை. தரை நனைகிறது என்று யிர்லேசா கத்துவாள். நனையட்டும், வழி அடைபடக் கூடாது என்பாள்.