குறை இல்லாத வீட்டுக்கு உதவிப்பணம் இல்லை

இந்தப் பிரெஞ்சு ஊர்க்காரர் இல்லை என்று சொல்லும் அழகே தனி. மகள் மெலனி படிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை அவளே குசினி மேசையில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினாள். உதவிப்பணம் தர முடியாது என்று மூன்று வரி. அதற்குக் கீழே, "ஐயா, எங்களது மிக உயர்ந்த உணர்வுகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்." பிள்ளை பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். "இல்லையப்பா, பிரெஞ்சுக் கடிதமெல்லாம் இப்பிடித்தான் முடியும்" என்றாள். உயர்ந்த உணர்வுகள் எங்கள் வீட்டில் தேவைக்கு மேலேயே கிடக்கின்றன. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு ஏற்றுகிறவன் நான். மனைவி றெஜினா கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரி துடைக்கிறாள். உணர்வைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்தப் பல்கலைக்கழகமும் பிள்ளையை உள்ளே விடாது.

காரணம் கேட்க மகளோடு உதவிப்பண அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு மதாம் என் சொந்தக் கடிதத்தையே எடுத்து என் முன்னால் வைத்தார். உங்கள் குடும்பத்தின் இடர்ப்பாடுகளைப் பெற்றோரே எழுத வேண்டும் என்று படிவம் கேட்டதால், மகளுக்கும் காட்டாமல் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான் எழுதியது அது. "ஆண்டவருடைய கிருபையால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவினால் நன்றியுள்ளவர்களாய் இருப்போம்." எங்கள் ஆட்களில் யார்தான் கடிதத்தை வேறுவிதமாகத் தொடங்குவார்கள்?

"ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், முசியே. எங்களுக்கு மிகவும் சந்தோஷம்" என்றார் மதாம். மகள் தமிழில் சொன்னாள்.

"அது கடவுளுக்குச் சொன்னது எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னாள். மதாம் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆனால் எங்களுக்கல்லவா வந்திருக்கிறது?" என்றார். இந்த வருடத்துக் கோப்பு மூடியாயிற்று என்று எழும்பிக் கையும் கொடுத்தார். மகள் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்படியொரு மேசைக்கு முன்னால் நான் முதலும் நின்றிருக்கிறேன். போரில் இடம்பெயர்ந்து மன்னார்ப் பக்கம் ஒரு கோயில் வளவுக்குள் கிடந்த காலத்தில் நிவாரணத்துக்குப் பேர் பதிந்தார்கள். அம்மாவின் காதில் ஒரு சோடித் தோடு இருந்தது. அவவிடம் மிஞ்சியது அதுதான். பதிகிறவர் நிமிர்ந்து பார்த்து, "தோடு போட்டவைக்கும் நிவாரணமோ?" என்றார். அடுத்த கிழமை வரிசையில் அம்மா காதில் ஈர்க்குக் குச்சியோடு நின்றா. அரிசி கிடைத்தது. அங்கே தோட்டைக் கழற்ற வேண்டும், இங்கே கடவுளைக் கழற்ற வேண்டும். கொடுக்கிறவனுக்கு எல்லா நாட்டிலும் ஒரே கண்தான். இங்கே கதிரை மட்டும் மெத்தை வைத்தது.

மெலனி வேறிடம் மாறுவதென்று முடிவெடுத்தாள். இரண்டு இடம் பார்த்தாள். ஒன்று ஒன்ராறியோவில், ஐந்து மணித்தியால ஓட்டம். அங்கே பரீட்சை மாக்ஸைப் பார்த்தே கொடுப்பார்கள், பெற்றோரின் கடிதம் தேவையில்லை. மற்றது இங்கேயே, கோட்-டெ-நெய்ஜ் மலையில். உதவி தாராளம், ஆனால் திரும்பவும் இடர்ப்பாட்டுக் கடிதம். அவளுக்கு வீட்டில் இருந்து படிக்கத்தான் விருப்பம். எனக்கோ இன்னொரு மதாமின் முன்னால் அழ விருப்பமில்லை.

இதற்குள் புத்திமதிகள். ஞாயிறு பூசை முடிந்து நன்மை அப்பம் எடுத்த வாய் காயவில்லை, கோயில் மண்டபத்தில் றெஜினாவின் தம்பி யூட் என்னை மூலைக்குள் கூட்டிப்போனான். "அத்தான், கடதாசியில மட்டும் நீங்களும் அக்காவும் பிரிஞ்சு இருங்கோ. பிள்ளைக்குக் காசு கொட்டும். ஆர் வந்து கட்டிலுக்குக் கீழ பாக்கப்போறான்?" பின்னால் நின்ற றெஜினாவுக்குக் கேட்டுவிட்டது. "டேய், முதல்ல உன்ர கலியாணத்தை முறிச்சுப்போட்டு வந்து கதை" என்றாள். அவன் சிரித்துக்கொண்டு கோப்பி எடுக்கப் போனான். இப்படித்தான் எங்கள் சனம். பீடத்தின் முன் கொடுத்த வாக்கைப் படிவத்தில் விற்கும், பிறகு முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து செபமாலை சொல்லும்.

"ஒன்ராறியோவுக்கே போகட்டும். மரியாதையாய்க் குடுக்கினம்" என்றேன் வீட்டில்.

"ஆற்ற மரியாதை? உங்கட மரியாதைக்குப் பிள்ளை ஊர் விட்டுப் போகவேணுமோ?" என்றாள் றெஜினா.

கடைசியில் மெலனியே மலைப் பல்கலைக்கழகத்துக்கு என் பேரில் பிரெஞ்சில் எழுதி, குசினி மேசையில் வைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினாள். தட்டுத் தூக்கி என் இடுப்பு நாரி இரண்டு தரம் பிடித்தது, சம்பளமில்லாமல் படுத்திருந்தது, றெஜினா இரண்டு நேர வேலை செய்வது, எல்லாம் வரிசையாக இருந்தன. பிறகு ஒரு வரி வந்தது. இரண்டு வருடமாக மகள் பாடப்புத்தகம் வாங்கியதே இல்லை, நூலகத்தில் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் பிடித்தே படிக்கிறாள் என்று. எனக்கு அது தெரியாது. குறை இல்லை என்று நான் எழுதியதும் அதே மேசையில்தான். மகள் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கையெழுத்து வைத்தேன்.

உதவி கிடைத்தது, மெலனி மலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கினாள். கோயில் முற்றத்தில் செய்தி பரவ, ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மாக்ஸ் நல்லம் போல, அண்ணை? மாக்ஸுக்குத்தானே குடுத்தவை?" என்றார் ஒருவர். மகள் பக்கத்திலேயே நின்றாள். "ஓம், மாக்ஸுக்குத்தான்" என்றேன். எந்தப் படிவமும் என்னைக் கேட்கவில்லை, எந்த மதாமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. யூட்டை மனதுக்குள் திட்டிய நானே இத்தனை சுலபமாகச் சொன்னேன். முன்பின் தெரியாத பிரெஞ்சுக்காரருக்கு உண்மை, என்னோடு முழந்தாளிடுகிற தமிழருக்குப் பொய்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தாருக்கு முந்திய, பாவங்களைச் சுவாமியிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன நாளில் இரண்டு சுவாமிமார் இருந்தார்கள். வலது பக்கம் தமிழ்ச் சுவாமி. அவருக்கு மெலனியைத் தெரியும், யூட்டைத் தெரியும், முற்றம் முழுவதையும் தெரியும். வரிசை வாசல்வரை நின்றது. இடது பக்கம் பிரெஞ்சு மட்டும் தெரிந்த இந்த ஊர்ச் சுவாமி, ஆளில்லாமல் தனியே, என்னைப் பார்த்துக் கையால் வா என்றார். என்னிடம் இருக்கும் பிரெஞ்சோ 'பொன்ஜூர்', 'மெர்சி'. மாக்ஸ் பொய்யைச் சொல்ல அது காணாது. கழற்றிய தொப்பியைக் கையில் பிடித்தபடி, இரண்டு பக்க வாங்குகளுக்கும் நடுவில், வழியில் நின்றேன். பின்னால் வந்த ஒருவர் தோளில் தட்டி, "அண்ணை, நீங்கள் எந்த லைன்?" என்று கேட்டார்.