பச்சைத் தண்ணி

எங்கள் பக்கத்தில் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணீர். என் மனைவி குட்டையில் வைத்திருந்ததோ நிஜமாகவே பச்சை. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை அது. கெண்டைக் குஞ்சுகளை வாங்கி விட்டிருந்தாள். தெளிவாக இருந்த தண்ணீரில் வாரம் தவறாமல் சாணியைக் கரைத்து ஊற்றிப் பாசி பிடிக்க வைத்தாள்.

எனக்குப் பாசியைக் கண்டாலே ஆகாது. அது எங்கெங்கே குடியிருக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, விழுந்து தெரிந்துகொண்டேன். கிணற்றுப் படி, துணி துவைக்கிற கல், மோட்டார் தொட்டியின் விளிம்பு. கல்வராயன்மலை அருவிப் பாறையில், மாமனார் வீட்டார் மொத்தமும் பார்க்க விழுந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்தவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். "பாசி வெயில்ல சோறாக்குதுங்க. அத கண்ணுக்குத் தெரியாத பூச்சி தின்னுது, பூச்சிய மீனு தின்னுது. பாசி இல்லன்னா குட்டையில அடுப்பே எரியாது." தலையாட்டினேன்.

ஒருநாள் அவள் அண்ணன் மணலூர்பேட்டையிலிருந்து வந்தார். அவரைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் குட்டையைக் காட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இன்னா மச்சான், உன் தங்கச்சி சாக்கடைய வளத்துக்கினு இருக்கா பாத்தியா?" என்றேன். மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயந்திரத்திலிருந்து எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை மாட்டைப் பார்த்துச் சொல்வாள். "கரும்புக்கு உரம் வாங்கணும்." மாடு என்னைப் பார்க்கும். வாரக்கணக்கில் இப்படியே போனது. வீட்டுக்குள் நுழையவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதையாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பிறகு வானம் மூடாக்குப் போட்டது. சில நாட்கள் வெயிலே இல்லை. ஒரு விடியற்காலை மோட்டார் போடப் போனேன். குட்டையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பகலில் ஆக்ஸிஜன் விடுகிற பாசி, இரவில் தானும் மூச்சு வாங்கும். வெயில் இல்லாவிட்டால் அது விடுவது கம்மி, வாங்குவது ஜாஸ்தி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது, அவளுடைய மீன்கள் சாகின்றன என்பது மட்டும்தான்.

மோட்டாரைப் போட்டேன். கரண்ட் இல்லை. கத்திக் கூப்பிட்டேன். ஓடி வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் பக்கெட்டோடு அந்தப் பக்கம் இறங்கித் தண்ணீரை வாரி வாரி மேலே இறைத்தாள். காற்று கலக்கத்தான் என்பது பிறகு புரிந்தது. நான் இந்தப் பக்கம் இறங்கி இரண்டு கையாலும் அடித்தேன். சாக்கடை என்று சொன்ன தண்ணீர் வாய்க்குள்ளேயே போனது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன பெண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கை ஓய்கிற நேரத்தில் மேகம் விலகி வெயில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சில மட்டும் மல்லாந்து மிதந்தன. அவற்றை அவள் பக்கெட்டில் பொறுக்கிப் போட்டாள். நான் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

"லுங்கி அங்க மெதக்குது. மொதல்ல எடுத்துக் கட்டுங்க" என்றாள்.

நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. லுங்கியை எடுக்கிற சாக்கில் தண்ணீருக்குள் குனிந்துகொண்டேன்.